போன் அடித்ததும் இறுகிய தோள்பட்டை: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

நீலக்குடை:
நாலு வருஷ வலி. வலது தோள்பட்டை, கழுத்து ஓரம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன மாதம் நடந்த ஒன்றுதான் மனசை விட்டுப் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட், தசையில் கட்டி மாதிரி இறுகியிருந்த முடிச்சின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெல்ல இளகிக்கொண்டு வந்தது. அப்போது போன் அடித்தது. திரையில் மேலாளர் பெயர். நான் எடுக்கவில்லை, அசையக்கூட இல்லை. "இப்ப இறுகிச்சே, கவனிச்சீங்களா?" என்றார். கையைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி ஜில்லென்று இருந்தது, உள்ளங்கையில் ஈரம். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சூடாக இருந்த கை அது.

தறியோசை:
1994-ல் வந்த ஓர் ஆய்வு இதையேதான் காட்டியது. தோள்பட்டைத் தசையின் முடிச்சுக்குள் ஓர் ஊசி மின்முனை, பக்கத்தில் முடிச்சில்லாத இடத்தில் இன்னொன்று. மனக்கணக்கு போடச் சொன்னதும் முடிச்சில் மின்செயல்பாடு ஏறியது. பக்கத்துத் தசை சும்மா கிடந்தது! எனக்குத் தாடையில். விடிகாலை 3 மணிக்குப் பல்லைக் கடித்தபடி விழிப்பேன். ஓடி வந்தவன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

செம்மண்:
தறியோசை, ஒத்துக்கொள்ள முடியவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நான் பார்த்த மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைச் சொன்னார். எட்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கிய பிறகுதான் தொடைவலி அடங்கியது. எட்டு மாதம், என் மனசுதான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தறியோசை:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ரத்தப் பரிசோதனை முதலில் வேண்டும், சரி. ஆனால் நான் மனசு என்று சொல்லவே இல்லையே. ஆபத்து என்றதும் உடம்பை உஷாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் ரத்தக் குழாயைச் சுருக்குவதும், வியர்க்க வைப்பதும் நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. தசை எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் உணரிகளுக்கும் அந்த நரம்பு போகிறது. இது உடம்பு. கற்பனை இல்லை.

மழைக்கால்:
எனக்கு இடுப்பில், இரண்டு வருஷம். இப்போது பரவாயில்லை. நீலக்குடை, மூச்சுப் பயிற்சி செய்து பாருங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு போதும். உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இறக்கும். வலி ஏறின பிறகு ஆரம்பிக்காதீர்கள், சும்மா இருக்கும்போதே பழகுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அப்புறம் நடை. வலி இல்லாத நாளில் ஒரேயடியாக நடந்துவிட்டு மூன்று நாள் படுக்காமல், தினமும் ஒரே அளவு. தூக்கமும் முக்கியம், ஒரு ராத்திரி கெட்டாலே மறுநாள் வலி கூடும்.

நீலக்குடை:
நன்றி மழைக்கால். மூச்சுப் பயிற்சி இரண்டு வருஷமாகச் செய்கிறேன், நான் கேட்டது அதில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்காவிட்டால் தசை இறுகினது எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் விரலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தப் போன் அடிக்கிறது.