பால், முட்டை இல்லாமல் பழம் பொரிப்பது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து கேள்வி: வீட்டில் பால், நெய், முட்டை எதுவும் சேர்ப்பதில்லை. நேந்திரம்பழம் பொரித்தால் மாவு கழன்று எண்ணெயில் தனியாக மிதக்கிறது, என்ன செய்யலாம்?

ராயபுரம்: பழத்தில் ஈரம் இருந்தால் மாவு நிற்காதுங்க. நறுக்கியதும் துணியால் ஒற்றி, அரிசி மாவில் லேசாகப் புரட்டி, அப்புறம் தோயுங்கள். ஒரு கப் மைதாவுக்கு 2 ஸ்பூன் அரிசி மாவு, 2 ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு, மஞ்சள், ஏலக்காய் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகத் தண்ணீரில் கரைத்தால் போதும், முட்டையே தேவையில்லை.

வண்ணாரப்பேட்டை: தோலில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் சரி. ரொம்பக் கனிந்தது எண்ணெய் குடிக்கும். அன்னாசியும் அருமையாக வரும்.

காசிமேடு: ஒரு சொட்டு மாவு விட்டதும் மேலே வரணும், எண்ணெய் புகையக்கூடாது. தொட்டுக்கொள்ள வெல்லப்பாகில் கெட்டித் தேங்காய்ப்பால் கலந்து பாருங்கள்.