கலைச்சொல் தேவை: நகரப்போகும் பொருளைக் காட்டிக்கொடுக்கும் நிறம்

அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லித் தருகிறேன். பழைய ‘ஸ்கூபி டூ’ துப்பறியும் கார்ட்டூன் தொடரைப் போட்டால் போதும், ஒரு விளையாட்டு தானாகத் தொடங்கிவிடும். இருட்டு மாளிகை, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. யாரும் தொடுவதற்கு முன்பே பின் வரிசையிலிருந்து, “மிஸ், அந்த மூணாவது புக்கத் தொட்டா கதவு தொறக்கும் பாரு” என்று குரல் வரும். அப்படியே நடக்கும். அந்த ஒரு புத்தகம் மட்டும் வெளிறித் தனியாகத் தெரியும்.

நம் கலைச்சொல் அகராதியில் ஏற்ற இதற்கு ஒரு பெயர் வேண்டும். காரணம் தெரிந்தால் பெயர் வைப்பது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொடர் 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. தயாரிப்பு ஹன்னா-பார்பெரா நிறுவனம். அங்கே பின்னணிக் காட்சியைத் தாளில் தூரிகையால் நிழலும் சொரசொரப்புமாகத் தீட்டுவார்கள். தீட்டியவர்களில் வால்ட் பெரிகோய் ஒருவர். டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அசையப்போகும் எதையும் அந்தத் தாளில் வரைய முடியாது. தனியே கண்ணாடித்தாளில் கோடு போட்டு, அதன் பின்பக்கம் ஒரே சீராக வண்ணம் பூசி, பின்னணியின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். அந்தச் சீரான பூச்சு அடியிலுள்ள நிழலோடு எப்படிச் சேரும்? போதாக்குறைக்கு, கண்ணாடித்தாள் முழுத் தெளிவும் கிடையாது. அடுக்க அடுக்க அடியிலுள்ள நிறம் மங்கும். அதற்கு ஈடுகட்டி வண்ணம் கலக்க வேண்டும். வாரா வாரம் ஒளிபரப்பு, கையில் குறைந்த பணம் என்றால் ஒரு புத்தகத்துக்காக யார் மெனக்கெடுவார்கள்?

அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் பலவற்றிலும் இது உண்டு. துப்பறியும் கதையில்தான் வேடிக்கை. தொடரை உருவாக்கிய ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் உட்கார்ந்து யோசித்து ஒளித்துவைத்த மர்மத்தை வண்ணப் பூச்சு போட்டு உடைத்துவிடுகிறது!

பிள்ளைகள் வைத்த பெயர் ‘எட்டப்பன்’. “எட்டப்பன் எங்கடா?” என்று தேடுகிறார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அகராதியில் ஏற்றினால் வீண் சண்டை வரும். என் பரிந்துரை: ஒட்டாநிறம். வாடாமல்லி, செல்லாக்காசு போல.

---

> என் பரிந்துரை: ஒட்டாநிறம்

தங்கச்சிக்கு வணக்கம். நான் ராயபுரம், முன்பு சினிமா பேனர் வரைந்தவன். எங்கள் தொழிலில் இதற்குச் சொல் இருக்கிறதே: தூக்கல். “மூஞ்சி தூக்கலா இருக்கு, பின்னாடி நீலத்த ஏத்து” என்போம். ஹீரோ முகத்தில் ரோஸ், பச்சையெல்லாம் போடுவதும் தூக்கலாகத் தெரியத்தான். பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லவா? ஜனங்கள் வாயில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாகச் செய்கிறீர்கள்?

---

> எதற்குப் புதிதாகச் செய்கிறீர்கள்?

அண்ணே, தூக்கல் நல்ல சொல்தான், வகுப்பிலும் சொல்கிறேன். ஆனால் தூக்கல் என்றால் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும், உப்பு தூக்கல் என்பது போல. கார்ட்டூனில் அந்தப் புத்தகம் சில சமயம் பக்கத்துப் புத்தகங்களைவிட மங்கலாக இருந்தே மாட்டிக்கொள்கிறது. அப்புறம், நீங்கள் பேனரில் செய்தது வேண்டுமென்றே செய்தது. இங்கே யாரும் விரும்பிச் செய்யவில்லை. ‘வேண்டுமென்றே எடுப்பாகக் காட்டுவது’ என்ற பொருளில் தூக்கலைத் தனிப் பதிவாகவே சேர்க்கலாம். அதற்கு எழுத உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

‘ஒட்டா’ என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002இல் வந்த ‘வாட்ஸ் நியூ, ஸ்கூபி டூ?’வுக்கு வண்ணம் கணினியில் போட்டார்கள். அதில் தாள் அடுக்கால் வரும் மங்கல் கிடையாது. அப்படி நிறம் பொருந்திப் போனதை ‘ஒட்டியது’ என்றே சொல்லிவிடலாம். தூக்கலுக்கு எதிர்ச்சொல் தேடினால் எங்கே போவது?

---

வியாசர்பாடியிலிருந்து ஒரு சின்னத் திருத்தம். நிறம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கிறதா? பின்னணியில் பல இடங்களில் கோடே இருக்காது, தூரிகைத் தீற்றல்தான். கண்ணாடித்தாளில் உள்ள பொருளைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு ஓடும். நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தாலும் கோட்டை வைத்தே என் மகள் கண்டுபிடித்துவிடுகிறாள். ‘ஒட்டாநிறம்’ இதை உள்ளடக்காது.

ஆகவே தலைச்சொல் ‘ஒட்டாப்பொருள்’ என்று இருக்கட்டும். அதன் கீழே ஒட்டாநிறம், ஒட்டாக்கோடு இரண்டையும் உட்பதிவாக வைக்கலாம். சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் ‘ஒட்டாப் பொருள்’ என்பதைப் பசை பிடிக்காத ஏதோ சாமான் என்று படித்துவிடுவார்கள். ‘எட்டப்பன்’ வழக்குச்சொல் என்ற குறிப்போடு கடைசியில் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.