பகிர்வு அலுவலகத்தை நம்பிப் போகலாமா?

கேள்வி: துரைப்பாக்கத்தில் நாங்கள் நான்கு பேர் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். வீட்டு ஹாலில் இனி முடியாது; வாடிக்கையாளரிடம் பேசும்போது குக்கர் விசில் கேட்கிறது. தனி அலுவலகத்துக்கு அட்வான்ஸ் கட்டுப்படியாகவில்லை. கோவொர்க்கிங், அதாவது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம், சரிவருமா? 2023 நவம்பரில் அமெரிக்காவில் வீவொர்க் என்ற பெரிய கோவொர்க்கிங் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதிலிருந்து பயம்.

பதில்: பயம் நியாயம்தான். கட்டடத்தைப் பல வருடக் குத்தகைக்கு எடுத்து, மேசை மேசையாக மாத வாடகைக்கு விடும் தொழில் இது. மேசை காலியாகக் கிடந்தாலும் அவர்கள் குத்தகை கட்டியே ஆக வேண்டும். அதனால் அட்வான்ஸைக் குறைத்துப் பேசுங்கள்.

பதில்: அண்ணா, ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த முகவரியைப் பயன்படுத்தத் தடையில்லாச் சான்று தருவார்களா என்று முதலில் கேளுங்கள். எனக்கு இழுத்தடித்ததில் இரண்டு மாதம் போச்சு. வாடகைக்கு மேல் 18% வரியும் உண்டு.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி. நாளை காலை 11 மணிக்கு, கூட்டமாக இருக்கும்போதே போய்ப் பார்க்கிறேன்.