சன் ஃபிலிம் ஒட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடி விரிசல் விடுகிறது – அவசரம்

மூன்றாம்மாடி:
வணக்கம். போன மாதம் எங்கள் அலுவலக ஜன்னல்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டினோம். வெக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் இதுவரை மூன்று கண்ணாடிகளில் விரிசல். கல் படவில்லை, யாரும் கை வைக்கவில்லை. ஃபிலிம்காரர் கண்ணாடி தரமில்லை என்கிறார், கண்ணாடிக்காரர் ஃபிலிம்தான் காரணம் என்கிறார். நாளைக் காலை ஆள் வருகிறார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டஃபண்ட் (சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி) போடச் சொல்லலாமா? உடனே சொல்லுங்கள்.

அலுமினியத்தம்பி:
எந்த ஊர் சார்? எந்தத் திசை ஜன்னல்? ஸ்லைடிங்கா? கண்ணாடி எத்தனை மி.மீ.?

கிழக்குவாசல்:
கட்டடத்துக்கு எத்தனை வயது? பக்கத்தில் எங்காவது பள்ளம் தோண்டுகிறார்களா? சுவர் இறங்கினால் ஜன்னல் சட்டம் கோணும், கண்ணாடி தெறிக்கும். என் மாமனார் வீட்டில் அப்படித்தான் நடந்தது. முதலில் தூண்களைப் பாருங்கள்.

பழுத்தபொறியாளர்:
இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே இல்லாமல் போய்விட்டது. ஃபிலிம் என்பது ஒட்டுப்போடும் வேலை. டபுள் கிளேஸிங், அதாவது இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிதான் தீர்வு. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2010இல் 5ஆவது மாடியிலேயே பட்டறை போட்டு, 6,514 ஜன்னல்களையும் பழைய கண்ணாடியைக் கொண்டே புதுப்பித்தார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம், உள்ளே வாயு. அதைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

மூன்றாம்மாடி:
சென்னை. மேற்கு. ஸ்லைடிங். கனம் தெரியவில்லை.

அலுமினியத்தம்பி:
ஐயா சொல்வது பெரிய இடத்துக் கதை. இங்கே 4க்கு 4 அடிக் கதவு, 5 மி.மீ. கண்ணாடி என்று வைத்துக்கொண்டாலே ஒரு கதவு 18 கிலோவுக்கு மேல் வரும். டபுள் போட்டால் அப்படியே இரட்டிப்பு. பழைய ரன்னரும் (கதவு ஓடும் தடம்) சக்கரமும் அதைத் தாங்காது. சட்டத்தையே மாற்ற வேண்டிவரும்.

வெயில்கணக்கு:
எடை மட்டுமா? கணக்கும் உதைக்கிறது. வெளியே 38 டிகிரி, உள்ளே 24. இந்த 14 டிகிரி வித்தியாசத்தில் ஒற்றைக் கண்ணாடி வழியாக வெப்பக் கடத்தலில் வருவது சதுர மீட்டருக்குச் சுமார் 80 வாட். மேற்குக் கண்ணாடியில் பிற்பகலில் விழும் வெயிலோ 500 வாட்டைத் தாண்டும், வெறும் கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அதாவது 400 வாட். நியூயார்க்குக்குக் குளிர் எதிரி, நமக்கு வெயில். படலம் பூசாத வெறும் டபுள் கிளேஸிங் அந்த 80ஐத்தான் பாதியாக்கும், 400இல் கொஞ்சம்தான் குறைக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் மேலே நீட்டும் சன்ஷேட் உதவாது, செங்குத்துத் தகடுகள் வேண்டும். அவற்றைச் சுவரில் ஆழமாக இறுக்குங்கள். 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் பறந்த தகரங்களை நான் எண்ணியிருக்கிறேன்.

பழுத்தபொறியாளர்:
வெப்பத்தைத் திருப்பியனுப்பும் லோ-இ பூச்சு என்று ஒன்று இருப்பது தம்பிக்குத் தெரியாது போலும். நான் எதைச் சொன்னேன் என்பதை முழுதாகப் படிக்கவும்.

கண்ணாடிக்கடைஅக்கா:
கேட்டவர் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். தம்பி, விரிசல் எங்கே தொடங்குகிறது? விளிம்பிலிருந்து நேர் செங்கோணத்தில் கிளம்பிப் பிறகு நெளிந்து போனால் அது வெப்ப விரிசல். கரும் ஃபிலிம் வெயிலைக் குடித்துக் கண்ணாடி நடுவைச் சூடாக்கும், சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கும். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 40 டிகிரி வித்தியாசம் வரைதான் பொறுக்கும். வெட்டிய விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அதுகூடக் கிடையாது. கண்ணாடியை ஒட்டி உள்ளே ஏதாவது இருக்கிறதா? திரை, அலமாரி, ஏசி காற்று நேரே அடிப்பது? மூலையில் டஃபண்ட் முத்திரை இருக்கிறதா? கீழே நடைபாதையா?

கிழக்குவாசல்:
ஸ்லைடிங்கே வேண்டாம், எல்லாவற்றையும் திறக்க முடியாத பிக்ஸட் ஆக்கிவிடுங்கள். தூசியும் வராது, ஏசியும் வீணாகாது.

அலுமினியத்தம்பி:
அந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23 அன்று தீப்பிடித்தபோது, புகையில் தவித்தவர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள்.

கிழக்குவாசல்:
அங்கே படிக்கட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை என்றுதான் படித்தேன். கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள்.

அலுமினியத்தம்பி:
படிக்கட்டு அடைபட்டால் பிறகு எது மிச்சம்? ஜன்னல்தானே?

பழுத்தபொறியாளர்:
விதிப்படி புகை வெளியேற்றும் ஏற்பாடு இருந்தால் பிக்ஸட் போடலாம். விதியைப் படிக்காமல் ஆளுக்கொரு பயம்.

வெயில்கணக்கு:
விதிப்படி கட்டிய கட்டடங்களில் மட்டும்தான் நாம் வேலை செய்கிறோமா ஐயா?

மூன்றாம்மாடி:
மன்னிக்கவும், கூட்டத்தில் இருந்தேன். விரிசல் மூன்றுமே கீழ் விளிம்பில் தொடங்குகின்றன, அக்கா சொன்னபடி நேராக. முத்திரை இல்லை. ஃபிலிம் கருப்பு, உள்பக்கம். ஜன்னலோடு ஒட்டி இரும்பு ரேக் வரிசையாக இருக்கிறது, ஃபைல்கள் பாதிக் கண்ணாடி வரை. இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கீழே டீக்கடை.

கண்ணாடிக்கடைஅக்கா:
டீக்கடை என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்! இன்றைக்கே அந்த ஜன்னல்களுக்குக் கீழே கயிறு கட்டி ஆள் நிற்காமல் பாருங்கள். ஃபிலிம் துண்டுகளைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், சட்டத்தோடு பெயர்ந்தால் அதுவும் போச்சு. ரேக்கை ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடு தேங்கிக் கண்ணாடியை வேகவைக்கிறது. உடைந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள். டஃபண்ட் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் உடைந்தால் மொத்தமும் பொடியாகக் கொட்டும். கீழே ஆள் நடமாட்டம் என்றால் டஃபண்ட் லேமினேட்டட் கேளுங்கள், இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் நடுப்படலத்தில் ஒட்டி நிற்கும். அளவை இரண்டு முறை எடுங்கள். டஃபண்ட் ஆன பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது.

அலுமினியத்தம்பி:
லேமினேட்டட் கனம் கூடும் அக்கா, ரன்னர் பள்ளம் இடம் கொடுக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:
ரேக்கை நகர்த்திவிட்டோம். பின்னால் மூன்று வருடத் தூசியும் காணாமல்போன ஒரு காசோலைப் புத்தகமும் கிடைத்தன. டீக்கடைக்காரர் கயிற்றைப் பார்த்துக் கோபமாக இருக்கிறார். அனைவருக்கும் நன்றி.

கிழக்குவாசல்:
தூண்களைப் பார்த்தீர்களா?

வெயில்கணக்கு:
மற்ற கண்ணாடிகள் நிற்கின்றனவா? கோடை முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.