பழைய கார், ஹீட்டர் போச்சு போல. சிங்கப்பூர்ல இதுக்குப் போய்ச் செலவு பண்ணணுமா?

செங்காங்_புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஊர்லேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. வேலை முடிஞ்சு ஊருக்குத் திரும்பின ஒரு நண்பர்கிட்டேர்ந்து அவரோட பழைய காரை வாங்கினேன். ஏசி போட்டா காத்து வெதுவெதுன்னு வருது. முன் கண்ணாடி மங்குது. கீழ கார்ப்பெட் ஈரமாவே இருக்கு. ஒரு பட்டறையில காட்டினேன். "ஹீட்டர் கோர் போச்சு, டேஷ்போர்டை முழுசா இறக்கணும்"னு நாலு இலக்கத்துல ஒரு தொகை சொல்றாங்க. வருஷம் பூரா வேர்த்துக் கொட்டுற ஊர்ல ஹீட்டருக்கு எதுக்கு அவ்வளவு காசு? சனிக்கிழமை அப்பா அம்மா சாங்கி ஏர்போர்ட்ல வந்து இறங்குறாங்க. கைக்குழந்தை வேற. ஏமாத்துறாங்களா, இல்ல நிஜமாவே மாத்தணுமா?

உட்லண்ட்ஸ்_மாமா:
தம்பி, முதல்ல கார் எதுக்கு வாங்கினீங்க? 2023 அக்டோபர்ல பெரிய கார் சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போச்சு. காருக்கு இல்ல, அதை ரோட்டுல ஓட்டுற உரிமைச் சீட்டுக்கு! நான் வந்த புதுசுல ஒரே ரூம்ல ஆறு பேரு. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கடைசி பஸ்ஸை விட்டா நடைதான். அப்படித்தான் நாலு காசு சேர்த்தோம். இப்ப வர்ற பசங்க இறங்கின மாசமே ஸ்டியரிங் பிடிக்கிறீங்க.

ஜூரோங்_அக்கா:
மாமா, அவர் கேட்டது வேற. தம்பி, ஏசி கேஸ் தீர்ந்திருக்கும். எங்க வண்டியிலயும் இதே வெதுவெதுப்புதான், கேஸ் போட்டதும் சரியாயிடுச்சு. ஒண்ணு கேக்கணும், லைசென்ஸ் மாத்திட்டீங்களா? ஊர் லைசென்ஸ் 12 மாசம்தான் இங்க செல்லும். அதுக்குள்ள பேசிக் தியரின்னு ஒரு ரோடு விதி பரீட்சை பாஸ் பண்ணி மாத்திக்கணும். என் வீட்டுக்காரர் அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில பரீட்சைக்குத் தேதியே கிடைக்காம நாங்க பட்ட பாடு இருக்கே! மூத்தவளுக்கு அப்ப ஆறு மாசம், ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கினேன். யாரும் உதவிக்கு இல்ல.

குடந்தை_பையன்:
ப்ரோ, பேசாம பாலம் தாண்டி மலேசியாவுல ஜோகூர் போயிடுங்க. லேபர் பாதி விலைதான். காலையில விட்டா சாயங்காலம் வண்டி ரெடி. நடுவுல சாப்பாடு, படம்னு நேரமும் ஓடிடும்.

உட்லண்ட்ஸ்_மாமா:
விவரம் தெரியாத ஆளை வம்புல மாட்டாதீங்க. இப்ப விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டிக்கு மலேசியா தர்ற நுழைவு அனுமதி, இல்லாம அந்தப் பக்கம் போகக் கூடாது, 2025 ஜூலை 1லேர்ந்து 300 ரிங்கிட் அபராதம் போடுறாங்க. இங்கேர்ந்து கிளம்பும்போது டேங்குல முக்கால்வாசி பெட்ரோல் இருக்கணும். இல்லன்னா அதுக்குத் தனி அபராதம். இதெல்லாம் பாத்துப் போனாலும் பாலத்துல ரெண்டு மணி நேரம் நிக்கணும். ஏற்கெனவே சூடாகுற வண்டி!

குடந்தை_பையன்:
அவர் வண்டி சூடாகுதுன்னு எங்க சொன்னார்? காத்துதான் சூடுன்னார்.

பொங்கோல்_அண்ணன்:
ஒழுகலை அடைக்கிற பவுடர் பாட்டில்ல விக்குது. ரேடியேட்டர்ல ஊத்தி அரை மணி நேரம் ஓட்டுங்க, ஒழுகல் நிக்கும். என் பழைய வண்டி அதுலயே ரெண்டு வருஷம் ஓடிச்சு.

எம்ஆர்டி_ரசிகன்:
இந்த ஊர்ல கார் வச்சிருக்கிறதே தண்டனை. மாசா மாசம் சீசன் பார்க்கிங், ரோட்டுக்கு மேல நிக்கிற கேன்ட்ரியைத் தாண்டினா இஆர்பின்னு ரோட்டுக் கட்டணம், பத்து வருஷம் தாண்டிட்டா ரோடு டாக்ஸ் மேல கூடுதல் வரி, வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன். வித்துத் தொலைச்சுட்டு பஸ், எம்ஆர்டி ரயிலுக்கு ஒரு ஈசி-லிங்க் கார்டு வாங்குங்க.

ஜூரோங்_அக்கா:
நல்லா சொன்னீங்க. வயசானவங்க, கைக்குழந்தை, நாலு பெட்டி. எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு எம்ஆர்டியில வரச் சொல்றீங்களா?

எம்ஆர்டி_ரசிகன்:
டாக்சின்னு ஒண்ணு இருக்குக்கா. வாடகையும்தான் ஏறிப்போச்சு, அது வேற கதை. எது ஏறல, சொல்லுங்க. பராட்டா விலையைப் பாத்தீங்களா?

உட்லண்ட்ஸ்_மாமா:
பராட்டாவை விடுங்க. வீட்டு வாடகையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கம் பத்தாது.

காக்கிபுக்கிட்_தம்பி:
நான் பட்டறையில வேலை பாக்குறவன். மேல பாதிப் பேர் ஏசிக்கு வைத்தியம் சொல்றீங்க, மீதிப் பேர் விலைவாசியில நிக்கிறீங்க. என்ன வண்டின்னு இன்னும் யாருமே கேக்கல. செங்காங் அண்ணே, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எந்த வருஷத்து வண்டி? சிஓஇ எப்ப முடியுது, புதுப்பிச்சதா? ஈரம் எந்தப் பக்கம்? அதைத் தொட்டா வெறும் தண்ணியா, வழவழன்னு இருக்கா, வாசனை ஏதாவது வருதா? கண்ணாடி மங்கும்போது வைப்பர் போட்டா போகுதா? டெம்பரேச்சர் முள் எங்க நிக்குது?

செங்காங்_புதுவரவு:
நன்றி ப்ரோ. ஜப்பான் செடான், 2012ல பதிவு. 2022ல அஞ்சு வருஷத்துக்கு சிஓஇ புதுப்பிச்சிருக்காங்க, 2027ல முடியுது. ஈரம் இடது பக்கம், என் மனைவி கால் வைக்கிற இடத்துல. வைப்பர் போட்டா மங்கல் போகல. உள்பக்கம் துணியால துடைச்சா பிசுக்கு மாதிரி இழுபடுது. வண்டிக்குள்ள ஒரு இனிப்பு வாசனை வருது, குழந்தை மருந்து கொட்டிடுச்சுன்னு நினைச்சுட்டிருந்தோம். முள் எப்பவும் நடுவுலதான் நிக்கும், நேத்து பிஐஇ விரைவுச்சாலை நெரிசல்ல மட்டும் கொஞ்சம் ஏறிச்சு. அப்புறம் இதுவும் சொல்லணுமான்னு தெரியல, வித்தவர் டிக்கியில ஒரு பெரிய பாட்டில்ல பைப் தண்ணி வச்சிருந்தார். வாரா வாரம் ரேடியேட்டர்ல ஊத்தணும்னு சொல்லிட்டுப் போனார்.

குடந்தை_பையன்:
இதை முதல்லயே சொல்றதுக்கென்ன ப்ரோ!

காக்கிபுக்கிட்_தம்பி:
அந்தப் பாட்டில்தான் அண்ணே விஷயமே. பட்டறைக்காரர் ஏமாத்தல. ஆனா அவர் சொன்ன வேலை உங்க வண்டிக்குத் தேவையும் இல்ல.

ஹீட்டர் கோர்ங்கிறது டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கச் சுத்தி வர்ற சூடான திரவம், அதாவது கூலண்ட், இதுக்குள்ளயும் வந்து போகும். நீங்க ஹீட்டரே போடலன்னாலும் நிறைய ஜப்பான் வண்டியில அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதுல ஓட்டை விழுந்தா கூலண்ட் இடது பக்கக் கார்ப்பெட்டுக்கு இறங்கும், ஆவி கண்ணாடியில பிசுக்கா படியும். இனிப்பு வாசனையும் அதோடதுதான்.

கார்ப்பெட் ஈரமா இருக்கிற எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஏசி ஓடும்போது கூலிங் காயில்ல சேர்ற தண்ணி ஒரு சின்னக் குழாய் வழியா வண்டிக்கு அடியில சொட்டும். அந்தக் குழாய் அடைச்சாலும் கார்ப்பெட் நனையும். அது வெறும் தண்ணி, நிறமோ வாசனையோ இருக்காது. அதனால முதல்ல வெள்ளை டிஷ்யூவை ஈரத்துல அழுத்திப் பாருங்க. ரோஸ், பச்சைன்னு நிறம் தெரிஞ்சா கூலண்ட். பைப் தண்ணி ஊத்தி ஊத்தி நிறம் வெளுத்திருக்கும், விரலால தேய்ச்சாலே வழவழப்பு தெரியும். கண்ணாடி வெளிப்பக்கம் மங்குறது இந்த ஊர்ல ஏசியை ரொம்பச் சில்லுனு வச்சா சகஜம், அது வைப்பர்லயே போயிடும். உங்களுக்குப் போகல. சந்தேகமே வேண்டாம்னா பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்க. ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்துல பம்பை மாட்டி அழுத்தம் ஏத்துவாங்க. பம்புல இருக்கிற அழுத்த முள் இறங்கிக்கிட்டே போகும், வெளியில எங்கயும் சொட்டு இருக்காது, கார்ப்பெட் மட்டும் நனையும். அப்ப கோர்தான்.

காத்து வெதுவெதுன்னு வர்றது இன்னொரு பழுதா இருக்கணும். குளிர்ந்த காத்தை ஹீட்டர் கோர் பக்கம் விடுறதா வேண்டாமான்னு திருப்ப உள்ள ஒரு மடல் இருக்கும், அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். அது பாதியில சிக்கிக்கிட்டா நல்ல ஏசி காத்தே சூட்டுல பட்டுத்தான் வெளிய வரும். டெம்பரேச்சர் திருகைத் திருப்பும்போது உள்ள டிக் டிக்னு கேட்டா அதுதான். அக்கா சொன்ன மாதிரி கேஸ் குறைவாவும் இருக்கலாம், ஆனா கேஸ் குறைஞ்சு கார்ப்பெட் நனையாது.

இப்ப செலவுக்கு வருவோம். அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்ச சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது. 2027ல அந்த வண்டி ஸ்கிராப்புக்குத்தான் போகும். அதுக்குப் போய் டேஷ்போர்டை இறக்கிப் புதுக் கோர் போடுறது வீண். பைபாஸ் பண்ணச் சொல்லுங்க. எஞ்சின் பக்கத்துலேர்ந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) வழியா கோருக்குப் போற ரப்பர் ஹோஸ் ரெண்டு இருக்கும். ரெண்டையும் கழட்டி, உள்ள போகவிடாம ஒரு வளைஞ்ச ஹோஸால இணைச்சுடுவாங்க. டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். கோருக்குச் சூடு போகாததால அந்த மடல் எப்படிச் சிக்கியிருந்தாலும் ஏசி சில்லுனு வரும். ஒரே வேலையில ரெண்டு தொல்லையும் தீரும்.

பொங்கோல் அண்ணன் கோபிச்சுக்காதீங்க, அந்தப் பவுடர் வேண்டாம். ஓட்டையை அடைக்கிற அதே பவுடர் ரேடியேட்டரோட பொடிக் குழாயையும் அடைக்கும்.

பொங்கோல்_அண்ணன்:
என் வண்டி அடைக்கலையே?

காக்கிபுக்கிட்_தம்பி:
உங்க அதிர்ஷ்டம்ணே. அடைச்ச வண்டிங்க எங்ககிட்டதான் வருது.

செங்காங்_புதுவரவு:
பைபாஸ் பண்ணிட்டா கேமரன் மலை பக்கம் போனா குளிருமே? மழையில கண்ணாடி மங்கினா?

காக்கிபுக்கிட்_தம்பி:
கேமரன் மலைக்கு ஸ்வெட்டர் போதும். மழையில ஏசி போட்டாலே உள்பக்க ஈரம் போயிடும். ஒரு வசதி மட்டும் போகும். வண்டி சூடேறும்போது ஹீட்டரை முழுசா திறந்து எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இறக்குவாங்க, அது இனி உங்களுக்கு முடியாது. முள் ஏறினா ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திடுங்க. விரைவுச்சாலையில நின்னுட்டா எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) மீட்பு வண்டி இலவசமாவே பக்கத்து கார் பார்க் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். அங்கேர்ந்து பட்டறைக்கு உங்க செலவு. எது எப்படியோ, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க. கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும்.

பைபாஸ் முடிஞ்சதும் பழைய தண்ணியை முழுசா வடிச்சுட்டு, கூலண்டும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி ஊத்தி, உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தச் சொல்லுங்க. பனி உறையாத ஊருக்குக் கூலண்ட் எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. துரு பிடிக்காம இருக்கவும், தண்ணி சீக்கிரம் கொதிக்காம இருக்கவும்தான். கார்ப்பெட்டையும் கழட்டிக் கழுவிடணும். கூலண்ட் விஷம், இனிப்பா வேற இருக்கும். தவழுற குழந்தை இருக்கிற வீட்டுல அந்த ஈரத்தை அப்படியே விடாதீங்க.

ஜூரோங்_அக்கா:
தம்பி, சனிக்கிழமைக்குள்ள வண்டி வரலன்னா டாக்சியே எடுங்க. ஆப்ல கூப்பிடுற தனியார் கார்னா 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குத் தனிப் பாதுகாப்பு சீட் இருந்தாகணும். டாக்சிக்கு அந்த விதி இல்ல.

செங்காங்_புதுவரவு:
டிஷ்யூவுல லேசா ரோஸ் வந்துச்சு. அதே பட்டறையில போய் பைபாஸ்னு கேட்டதும் "அதுவும் பண்ணலாம்"னு உடனே தலையாட்டினாங்க. முன்னாடி ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. முதல்ல சொன்ன தொகையில பத்துல ஒரு பங்குகூட ஆகல. ஏசி இப்ப குளிருது. கார்ப்பெட் மாடி கார் பார்க்ல காயுது.

காக்கிபுக்கிட்_தம்பி:
நல்லது அண்ணே. இனி வாரம் ஒரு தடவை, காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, ரிசர்வ் டேங்குல ரெண்டு கோட்டுக்கு நடுவுல அளவு நிக்குதான்னு பாருங்க. குறைஞ்சுக்கிட்டே வந்தா வாட்டர் பம்போ ரேடியேட்டரோ ஒழுகுதுன்னு அர்த்தம், அப்ப மறுபடி பிரஷர் டெஸ்ட். அந்தத் தண்ணி பாட்டிலை டிக்கியிலேர்ந்து எடுத்துடுங்க.

உட்லண்ட்ஸ்_மாமா:
எல்லாம் சரி தம்பி, சாங்கியில எந்த டெர்மினல்? டி2ன்னா கார் பார்க்குக்கு முன்கூட்டியே போங்க, சனிக்கிழமை இடம் கிடைக்காது.