பத்து முறை படித்தும் கண்ணில் படாத வரி: சிறுகதை வாசித்த அனுபவங்கள்

செந்தூல் அம்மா:

மகன் படிவம் 4. மலேசியாவில் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ்மொழியோடு இலக்கியமும் எடுத்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாட் ஹாலில் அவனும் கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சிறுகதை படிப்பார்கள். நான் ஆசிரியை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் பிள்ளைகளுக்கு என்னிடம் பயம் கிடையாது. அது ஒரு வசதி.

முதல் இரண்டு மாதம் நடந்ததை வாசிப்பு என்றே சொல்ல முடியாது. கதை முடிந்ததும் "இந்தக் கதாப்பாத்திரத்தின் குணநலன் என்ன?" என்று கேட்பேன். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும்: பாசமிக்கவர், பொறுப்பானவர், விடாமுயற்சி உடையவர். ஒருமுறை கதையில் வந்த வட்டிக்காரனுக்கும் 'விடாமுயற்சி' என்று எழுதி வைத்திருந்தான் என் மகன். யோசித்துப் பார்த்தால் அதைத் தப்பென்றும் சொல்ல முடியவில்லை, மாதாமாதம் விடாமல்தானே வருகிறான்.

அப்புறம்தான் அப்பாவின் பழைய கோப்பு ஒன்று கையில் கிடைத்தது. ஞாயிறு பதிப்புகளில் வந்த கதைகளை வெட்டி வைத்திருந்தார். அதில் ஒரு கதைக்கு மேல்பகுதி கிழிந்து, தலைப்பும் எழுதியவர் பெயரும் போய்விட்டன.

கதை இதுதான். வீடு கட்டுவதற்காக ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள். அங்கே பால் எடுக்க மரம் சீவிய கிழவர் மகன் குடும்பத்தோடு கோலாலம்பூர் பிளாட்டுக்கு வருகிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மரம் சீவும் கத்தியைத் தீட்டுவார். சீவ ஒரு மரம்கூட இல்லை. "மொட்டைக் கத்தி மரத்தைக் காயப்படுத்தும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சத்தம் பொறுக்காத மகன் ஒருநாள் கத்தியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுகிறான். கிழவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மருமகள், கதை முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பவள், அடுப்படிக் கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் போடுகிறாள். "இது ஒரு வெங்காயத்தைக்கூட அரிய மாட்டேங்குது. சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க!" அன்றிலிருந்து தினமும் ராத்திரி அந்தக் கத்தி மழுங்கிப்போய் அவர் பாய் பக்கத்தில் கிடக்கும். விடிந்ததும் தீட்டி வைப்பார். கடைசியில் ஒரு மழைக்காலை. கிழவர் எழுந்திருக்கவில்லை. கதை முடிந்தது.

பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கிழவர் பாவம், மகன் சுயநலக்காரன், மருமகள் கடுகடுப்பானவள், கிழவர் செத்துப்போனார். நான் இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து பத்து முறையாவது படித்திருப்பேன். என் தீர்ப்பும் ஏறக்குறைய அதேதான்.

அன்றைக்குக் குணத்தைச் சொல்லும் சொல் எதையும் எழுதக் கூடாது என்று தடை போட்டேன். தாளை நடுவில் மடிக்க வேண்டும். ஒரு பக்கம் அந்த ஆள் வாயால் சொன்னது, மறுபக்கம் கையால் செய்தது. அவ்வளவுதான். கதையில் வரும் மகனுக்குச் சொன்ன பக்கம் ஒன்றுமே இல்லை. அவன் வாயைத் திறக்கவே இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. மருமகளுக்குச் சொன்ன பக்கம் ஆறு திட்டு. செய்த பக்கம் கத்தியைப் போட்டாள், சோறு போட்டாள், படி கூட்டினாள்.

கீழ்வீட்டுச் சின்னவள் படிவம் 3. வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டாத குறையாகப் படிப்பாள். மற்ற இரண்டு பேரும் முடித்துவிட்டு மைலோ குடிக்கும்போதும் அவள் இரண்டாம் பக்கத்தில்தான் இருப்பாள். அவள் கேட்டாள்: "ஆண்ட்டி, ஒரே நாள்ல கத்தி எப்படி இவ்வளவு மொட்டையாகும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவளே விரலைப் பின்னால் நகர்த்தி ஒரு வரியைக் காட்டினாள். மருமகள் படி கூட்டுகிற இடத்தில், பின்படிக்கட்டின் சிமெண்டு விளிம்பில் புதிதாகக் கீறல்கள் இருந்தன என்று போகிறபோக்கில் ஒரு வரி. எழுதியவர் அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. மருமகள்தான் தினமும் ராத்திரி கத்தியைச் சிமெண்டில் தேய்த்து மழுங்கடித்திருக்கிறாள். கிழவருக்குக் காலையில் வேலை இருக்க வேண்டுமென்று!

எனக்குக் கை ஒரு மாதிரி ஆகிவிட்டது. பத்து முறை படித்திருக்கிறேன்.

என் மகன் விடவில்லை. "கீறல் கத்தியால வந்துச்சுன்னு கதையில எங்கம்மா இருக்கு? நீங்களா சொல்றீங்க. இதை எழுதினா மார்க் கிடைக்காதுலா." இதற்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கெப்போங் டியூஷன்:

அக்கா, உங்கள் மகன் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டும் இல்லையா, நான் வருகிறேன். தாள் திருத்துகிறவர் கையில் கட்டுக்கட்டாக விடைத்தாள் இருக்கும். 'பரிவுமிக்கவர்' என்ற சொல் கண்ணில் பட்டால்தான் அவர் நிற்பார். அந்தச் சொல்லை முதலில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த வரியில் கீறலை எழுதச் சொல்லுங்கள். குணம் பாதி, சான்று பாதி. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சான்று என்ற பெயரில் குணத்தையே வேறு சொல்லில் திரும்ப எழுதுகிறார்கள். "அவர் அன்பானவர், ஏனெனில் அவர் அன்பு காட்டினார்." இதைப் படித்துப் படித்து எனக்கே தமிழ் மறந்துவிடும்போல இருக்கிறது.

பட்டர்வொர்த் படகுக்காரன்:

நான் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். வேலை ஜார்ஜ் டவுனில், வீடு இந்தப் பக்கம். படகில் போகும் நேரம்தான் என் பள்ளிக்கூடம். சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே தமிழ்ப் புத்தகம் எப்போதாவதுதான் சிக்கும். சிக்கினால் விடமாட்டேன்.

எனக்குப் பாத்திரம், கருப்பொருள் என்று போவதற்கு முன்னாலேயே தடுக்கி விழுகிற கதை. தோட்டத்துக் கதை ஒன்றில் "மங்கு நிறைந்திருந்தது" என்று இருந்தது. மங்குதல் என்றால் ஒளி குறைவது, அது தெரியும். அது எப்படி நிறையும்? ஏதோ கவித்துவமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வாரம் அந்த வரியை ரசித்துக்கொண்டிருந்தேன், உண்மையாகவே! பாட்டியிடம் படித்துக் காட்டியபோது வயிறு குலுங்கச் சிரித்தார். மங்கு என்பது பால் வடியக் கட்டுகிற கிண்ணம். மலாயில் மங்கோக் என்று நான் தினமும் சொல்கிற சொல்.

அடுத்தது "பெரட்டுக்கு நேரமாச்சு." நான் அதைப் புரட்டு என்று எடுத்துக்கொண்டேன். யாரோ யாரையோ ஏமாற்றப் போகிறார்கள் என்று நினைத்து, அந்தக் கங்காணியைக் கதை முடியும்வரை சந்தேகத்தோடே பார்த்தேன். அவர் பாவம், விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரே ஒரு சொல் பிசகியதில் ஒரு மனுஷனையே வில்லனாக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. ஒரு வரி ரொம்ப அழகாகவோ ரொம்ப விசித்திரமாகவோ பட்டால், முதலில் எனக்குத் தெரியாத சாதாரணச் சொல் எதுவும் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பேன். பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். பாட்டி இப்போது இல்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், உள்ள கோயிலில் வயதானவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர்களுக்கும் பொழுது போகிறது.

ஜார்ஜ் டவுன் பழைய வாத்தியார்:

செந்தூல் அம்மாவின் மகன் கேட்டது நல்ல கேள்வி. அதை அடக்கிவிடாதீர்கள்.

வகுப்பில் நான் வைத்திருந்த வழக்கம் இது. ஒரு ஊகத்துக்கு ஒரு சான்று இருந்தால் அதைச் சந்தேகம் என்று எழுது. இன்னொரு சான்றும், கதையின் வேறோர் இடத்திலிருந்து கிடைத்தால் விடை என்று எழுது. கீறல் ஒரு சான்று. இரண்டாவதைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மகன் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். தோற்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன், அவர்கள் நம்பியதில்லை.

கருப்பொருளைப் பற்றி எல்லாரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. இந்தக் கதைக்குக் கருப்பொருள் கேட்டால் 'முதியோரை மதிக்க வேண்டும்' என்று எழுதுவார்கள். அது படிப்பினை. 'முதுமை' என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். அது கதை எதைப் பற்றியது என்பது மட்டும்தான். அதைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியமாக எழுதினால்தான் பிடிபடும். வேலையை இழந்த ஒருவருக்கு வேலை இருப்பதுபோல் காட்டுவதும் அன்புதான், அந்த அன்பு திட்டிக்கொண்டேகூட வரும். இது என் வாக்கியம். வேறொருவர் வேறு மாதிரி எழுதலாம், ஆனால் கத்தியும் கீறலும் அதற்குள் அடங்க வேண்டும்.

பின்னணி தெரியாவிட்டால் கதை பாதி ஊமையாகிவிடும். ஒரு கதையில் "அவர் அட்டை சிவப்பு" என்று ஒரே ஒரு வரி வந்தது. மாணவர்கள் நிறம்தானே என்று தாண்டிப் போனார்கள். குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு. 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அது தெரிந்தால், கதையில் அந்த மனிதர் ஏன் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார் என்பது கேட்காமலே புரிந்துவிடும்.

சிறுகதையைப் பாடமாகப் படிப்பது நம் நாட்டில் இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1950 வாக்கில் எழுத்தாளர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது. நாளிதழ் பக்கத்திலேயே சிறுகதைக்கு வகுப்பு நடந்த ஊர் இது.

முன்னாள் தோட்டத்துக்காரன், இப்போது பத்துமலை பக்கம்:

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. பதினெட்டு வருஷம் மரம் சீவியிருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் நீங்கள் யாரும் சொல்லவில்லை.

மழை பெய்தால் மரம் சீவ மாட்டோம். பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக்குப் போகாமல் மரத்தைச் சுற்றி வழிந்துவிடும், மங்கிலும் தண்ணீர் சேரும். விடியற்காலையில் மழைச் சத்தம் கேட்டால் புரண்டு படுத்துக்கொள்வோம். கூலி போச்சே என்று இருக்கும், ஆனாலும் அந்தத் தூக்கத்தின் சுகம் தனி. அந்தப் பெரியவர் சாகவில்லை அம்மா. இன்றைக்கு வேலை இல்லை என்று படுத்திருக்கிறார்.

கத்தி விஷயமும் அப்படித்தான். பட்டைக்குக் கீழே மெல்லிசாக ஒரு படலம் இருக்கும். மொட்டைக் கத்தியை அழுத்தினால் அதையும் தாண்டிப் போய்விடும். அப்புறம் அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், மறுபடி சீவ வராது. எங்கள் காலத்தில் மரத்தைக் காயப்படுத்துகிறவனை யாரும் நல்ல ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

செந்தூல் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று உங்கள் எழுத்தை ஹாலில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மழை என்றதும் மூன்று பேரும் கதையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

முதலில் வாத்தியார் ஐயா கேட்ட இரண்டாவது சான்று. கண்டுபிடித்தது என் மகன்தான். "மாதக் கடைசி, ஒரு வாரமாக ரசமும் அவித்த முட்டையும்தான்" என்று ஓர் இடத்தில் வருகிறது. அரிய ஒன்றுமே இல்லாத அந்த வாரத்திலும் கத்தி தினமும் மழுங்கியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். தன் கட்சிக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் முடிவு. கிழவர் எழுந்திருக்கவில்லை என்பதற்குப் பின்னால் இன்னும் ஒரு வரி இருக்கிறது. நான் மேலே கதை சொன்னபோது அதை விட்டுவிட்டேன், விட்டது எனக்கே தெரியாது. "மருமகள் ஜன்னலைச் சாத்திவிட்டு, காப்பியை மூடி வைத்தாள்." சின்னவள் குதித்தாள். செத்தவருக்கு யார் காப்பியை மூடி வைப்பார்கள், அவர் எழுந்து குடிப்பார் என்றுதான் மூடி வைத்திருக்கிறாள்!

என் மகன் தாளை மடித்துக்கொண்டே சொன்னான்: "அவர் செத்தது அவங்களுக்கு இன்னும் தெரியாம இருந்தா?"

அதற்கு மேல் இரண்டு பேரும் எட்டரை மணிவரை சண்டை. கீழ்வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டும் சின்னவள் போகவில்லை. பத்துமலை ஐயா, அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்குமா? உங்களிடமே நேரில் கேட்க வேண்டும் என்கிறார்கள்.