ஜப்பானியர் "பரிசீலிக்கிறோம்" என்றால் சம்மதமா?

கேள்வி:
நேற்று டோக்கியோ வாடிக்கையாளருடன் கூட்டம். நான் விலையைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரிக்கும் "ஹாய், ஹாய்", அதாவது ஆமாம், ஆமாம் என்று தலையசைத்தார்கள், கடைசியில் மூத்தவர் பல்லிடுக்கில் காற்றை மெல்ல உறிஞ்சிவிட்டு "கென்தோ ஷிமாஸ்", அதாவது பரிசீலிக்கிறோம் என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். அந்த "ஹாய்" பெரும்பாலும் நாம் "ம்" கொட்டுவது போலத்தான்; கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். காற்றை உறிஞ்சினார் என்றால் ஏதோ இடிக்கிறது. முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தத் தயங்குவார்கள். வெளியே சொல்வது ததேமாயே, மனசுக்குள் இருப்பது ஹொன்னே.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அங்கே பல நிறுவனங்களில் முடிவு கூட்டத்தில் பிறப்பதில்லை. முன்கூட்டியே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி இசைவு வாங்குவதற்கு நெமாவாஷி என்று பேர். மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல் அது. அப்புறம் ரிங்கிஷோ என்ற ஒப்புதல் தாள் மேசை மேசையாகப் போய் முத்திரை வாங்கும். நாளாகும், ஆனால் முடிவானபின் வேலை மளமளவென்று நடக்கும். உங்களோடு தினமும் பேசும் இளைய அலுவலரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மூத்தவர் விநியோகத் தேதியை மட்டும் இரண்டு முறை கேட்டார், இப்போதுதான் உறைக்கிறது. நாளைக்கே பேசுகிறேன்.